வாசலில் பூட்டு, கைபேசியில் கடை

கரையாம்புத்தூர் மாதிரி ஓர் ஊரில் மளிகைக் கடை திறக்கும் நேரம் காலை ஆறு, ஆறரை. பால் பாக்கெட்டுக்கு வந்த பெண் கைபேசியை எடுத்து, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டையின் மேல் காட்டுகிறார். அடுத்த நொடி, பிஸ்கட் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் சின்னப் பெட்டி தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறது: "நாற்பத்தைந்து ரூபாய் பெறப்பட்டது." அவர் நகர்ந்ததும், பின்னால் நின்ற பாட்டி கால் கிலோ துவரம்பருப்பைப் பையில் போட்டுக்கொண்டே சொல்கிறார். "கணக்குல எழுதிக்கப்பா."

"சரி ஆயா."

இப்போது பெட்டி வாய் திறப்பதில்லை. கடைக்காரர் நீள நோட்டைப் பிரித்து எழுதுகிறார்.

பேசுகிற அந்தப் பெட்டி யாருடையது? பல நிறுவனங்கள் இந்தப் பெட்டியைக் கொடுக்கின்றன. ஆனால் நாட்டில் நடக்கும் யுபிஐ பணப் பரிமாற்றங்களில் கிட்டத்தட்ட பாதி ஃபோன்பே வழியாகத்தான் நடக்கிறது என்பதால், பெரும்பாலும் அது ஃபோன்பே பெட்டியாக இருக்கும். அந்த ஃபோன்பேயில் பெரும்பங்கு வைத்திருப்பது அமெரிக்காவின் வால்மார்ட். ஆமாம், அதே வால்மார்ட்தான். 2012-இல் 'அண்ணாச்சி கடைகளை விழுங்க வருகிறது' என்று ஊர் ஊராக எந்தப் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டார்களோ, கடையடைப்பு நடத்தினார்களோ, அதே நிறுவனம். கடையை விழுங்கவில்லை. கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு விற்பனையையும் நல்ல தமிழில் அறிவித்துக்கொண்டிருக்கிறது.

இது எப்படி நடந்தது?

சில்லறை வணிகத்தில் அந்நிய நேரடி முதலீடு என்ற பேச்சு பெரிதாகக் கிளம்பியது 2011 நவம்பரில். பல நிறுவனப் பொருட்களை ஒரே கூரையின் கீழ் விற்கும் கடைகளில், அதாவது நம் மளிகைக் கடையின் பெரிய அண்ணன்களில், வெளிநாட்டு நிறுவனங்கள் 51 சதவீதம் வரை பங்கு வைக்கலாம் என்று மன்மோகன் சிங் அமைச்சரவை நவம்பர் 24-ஆம் தேதி முடிவெடுத்தது. எதிர்க்கட்சிகள் மட்டுமல்ல, கூட்டணியில் இருந்த மம்தா பானர்ஜியும் கொதித்தார். இரண்டே வாரத்தில் முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. தமிழ்நாட்டுக்குள் இதை அனுமதிக்க முடியாது என்று முதல்வர் ஜெயலலிதா அப்போதே திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்.

2012 செப்டம்பரில் அதே முடிவு மறுபடியும் வந்தது. இந்த முறை அரசு பின்வாங்கவில்லை. செப்டம்பர் 20 அன்று அறிவிக்கை வெளியானது. அதே நாளில் நாடு முழுக்க பந்த். திரிணமூல் காங்கிரஸின் 19 எம்.பி.க்களும் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். டிசம்பர் 5-ஆம் தேதி மக்களவையில் வாக்கெடுப்பு: அரசுக்கு 253, எதிராக 218. பந்தில் கலந்துகொண்ட தி.மு.க., வாக்கெடுப்பில் அரசோடு நின்றது. மதவாதக் கட்சிகள் ஆட்சிக்கு வர வழி விடக்கூடாது என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. அரசியலில் இதெல்லாம் சகஜம் என்றாலும், அன்று கடையை அடைத்துவிட்டு வந்து பந்தலில் உட்கார்ந்த வியாபாரிக்கு அது சகஜமாக இருந்திருக்காது.

அந்த அறிவிக்கையின் விதிகளை இப்போது எடுத்துப் படித்தால், பெரிய கோட்டைச் சுவர் ஒன்று எழுப்பப்பட்டது தெரிகிறது. குறைந்தது 10 கோடி டாலர் கொண்டுவர வேண்டும். அன்றைய மதிப்பில் 500 கோடி ரூபாய்க்கும் மேல். அதில் பாதியைக் குளிர்பதனக் கிடங்கு, போக்குவரத்து, பொட்டலமிடுதல் போன்ற பின்னணி வேலைகளில் போட வேண்டும். செய்து வாங்கும் பொருட்களில் 30 சதவீதம் சிறுதொழில்களிடமிருந்து வர வேண்டும். 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில்தான் கடை திறக்கலாம். அப்படிப்பட்ட நகரமே இல்லாத மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் தங்கள் பெரிய நகரத்தில் அனுமதிக்கலாம். நகர எல்லையைச் சுற்றி 10 கிலோமீட்டர் வரை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தந்த மாநில அரசு சம்மதித்தால்தான் எதுவுமே.

இந்தக் கணக்கில் கரையாம்புத்தூரை வைத்துப் பாருங்கள். புதுச்சேரி நகரமும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்தே 2011 கணக்கெடுப்பில் 7 லட்சத்தைத் தொடவில்லை. பாகூர் கொம்யூனின் மேற்கு ஓரத்தில், சற்று நடந்தால் தமிழ்நாடு என்ற நிலையில் இருக்கும் இந்த ஊர், நகரத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. சம்மதம் சொன்ன மாநிலங்களின் பட்டியலிலும் புதுச்சேரி இல்லை, தமிழ்நாடும் இல்லை. ஒரு பூட்டு போதாதென்று மூன்று பூட்டு.

அந்த நாட்களில் நடந்த கூட்டங்களில் பேசியவர்கள் தவறாமல் இழுத்த உதாரணம் ஒன்று உண்டு. 'கிழக்கிந்தியக் கம்பெனியும் வியாபாரத்துக்குத்தான் வந்தது!' மற்ற ஊர்களில் இது மேடைப் பேச்சு. பாகூர் வட்டாரத்தில் இது பத்திரப்பதிவு அலுவலக விஷயம் மாதிரி. துணி வாங்க வந்த பிரெஞ்சுக் கம்பெனியிடம் வில்லியனூர், பாகூர் பகுதிகளை 1749-இல் சந்தா சாகிப் கொடுத்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1752-இல், பாகூரிலேயே பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் மோதிக்கொண்டன. கம்பெனி போய் பிரெஞ்சு அரசாங்கம் வந்தது. நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வர 1954 நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வியாபாரி ஒருவன் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மண்ணைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனாலும் அந்த உதாரணம் ஒரு விஷயத்தில் எல்லோரையும் ஏமாற்றிவிட்டது. அந்தக் காலக் கம்பெனிக்குக் கிடங்கு வேண்டும், கோட்டை வேண்டும், நிலம் வேண்டும். அதனால் 2012-இலும் எல்லோரும் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த நகரத்தில் கடை திறப்பான், எத்தனை ஆயிரம் சதுர அடி, எத்தனை கார் நிறுத்தலாம் என்று. கட்டடத்துக்குத்தான் விதி, கட்டடத்தைத்தான் எதிர்த்தார்கள்.

கட்டடம் வரவே இல்லை. பல பிராண்டு சில்லறைக் கடைக்கான அந்தக் கதவு வழியாக முறைப்படி உள்ளே வந்த பெரிய வெளிநாட்டு நிறுவனம் பிரிட்டனின் டெஸ்கோ ஒன்றுதான். டாடாவின் டிரென்ட் ஹைப்பர்மார்க்கெட்டில் பாதிப் பங்கு எடுக்க 2013 டிசம்பரில் அதற்கு அனுமதி கிடைத்தது. வால்மார்ட்டோ, 2013 அக்டோபரில் தன் இந்தியக் கூட்டாளியான பாரதியை விட்டே பிரிந்தது. சில்லறைக் கடை திறக்கும் யோசனையை ஒதுக்கிவிட்டு மொத்த வியாபாரத்தோடு நின்றுகொண்டது. 2014 தேர்தல் அறிக்கையில் பா.ஜ.க. பல பிராண்டு சில்லறை வணிகத்துக்கு மட்டும் அந்நிய முதலீடு கிடையாது என்று எழுதியது, ஜெயித்தது. 2012 அறிவிக்கையை ரத்தும் செய்யவில்லை, புதிதாக யாரையும் உள்ளே விடவும் இல்லை. காகிதத்தில் அந்த 51 சதவீதம் இன்றும் அப்படியே தூங்குகிறது.

அதே நேரத்தில் பக்கத்தில் இன்னொரு வழி திறந்துகொண்டிருந்தது. அமேசான் 2013 ஜூனிலேயே இந்தியாவில் இணையக் கடையைத் தொடங்கியிருந்தது. கடை என்று சொல்லக்கூடாது. சட்டப்படி அது 'சந்தை'. சரக்கு அவர்களுடையது இல்லை. யார் யாரோ விற்கிறார்கள், யார் யாரோ வாங்குகிறார்கள், நாங்கள் இடம் மட்டும் கொடுக்கிறோம் என்பது ஏற்பாடு. மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை கூடுகிறதே, அங்கே குத்தகைக்காரர் மாடு விற்பதில்லை, சுங்கம் வாங்குகிறார்; அது மாதிரி. இப்படிப்பட்ட இணையச் சந்தையில் 100 சதவீதம் அந்நிய முதலீடு செல்லும் என்று 2016 மார்ச்சில் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. அதற்கு எந்த மாநிலத்தின் சம்மதமும் வேண்டாம். 10 லட்சம் மக்கள்தொகை வேண்டாம். 10 கிலோமீட்டர் எல்லையும் கிடையாது.

2018 மே மாதம் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்கை வாங்கியது. ரூபாயில் ஒரு லட்சம் கோடிக்கும் மேல். ஃபிளிப்கார்ட்டோடு, அதன் வீட்டுப் பிள்ளையாக இருந்த ஃபோன்பேயும் சேர்ந்து போனது. 2012-இல் 500 கோடிக்கு அத்தனை பூட்டுப் போட்ட நாட்டில், அதைப்போல 200 மடங்கு பணம் வந்து இறங்கியபோது நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு எதுவும் இல்லை. வியாபாரிகள் எதிர்த்தார்கள், டெல்லியில் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஆனால் 2012-இன் சத்தம் இல்லை. ஒரு கட்டடத்தை எதிர்த்துக் கோஷம் போடுவது சுலபம். தன் வீட்டுப் பிள்ளையே ஆசையாகக் கையில் வைத்திருக்கும் ஒரு செயலியை எதிர்ப்பது கொஞ்சம் கஷ்டம்.

'இடம் மட்டும் கொடுக்கிறோம்' என்ற பேச்சு எவ்வளவு தூரம் உண்மை என்ற கேள்வி அடுத்துக் கிளம்பியது. அமேசான் தளத்தில் பெரிய விற்பனையாளராக இருந்த கிளவுட்டெய்ல் நிறுவனத்தின் தாய் நிறுவனத்தில் அமேசானுக்கே 49 சதவீதம் பங்கு இருந்தது. சந்தை நடத்துபவரே ஓரத்தில் ஒரு கடையும் போட்டிருந்தால் அது என்ன சந்தை? 2018 டிசம்பரில் அரசு விதியை இறுக்கியது: சந்தை நடத்தும் நிறுவனம் பங்கு வைத்திருக்கும் விற்பனையாளர் அங்கே விற்கக்கூடாது. அமேசான் தன் பங்கை 24 சதவீதமாகக் குறைத்துக்கொண்டது. பிறகு அந்தக் கூட்டே 2022 மே மாதத்தோடு முடித்துக்கொள்ளப்பட்டது. இதற்கிடையே, 2020 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் இரண்டு பெரிய தளங்கள் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டிருந்தது.

விதி ஒன்று வந்தால் நிறுவனம் தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது என்பதற்குச் சமீபத்திய உதாரணம், பிளிங்கிட்டை வைத்திருக்கும் எடர்னல் நிறுவனம், அதாவது பழைய சொமாட்டோ. அந்நியர் பங்கு 49.5 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என்று 2025 மே மாதத்தில் பங்குதாரர்களிடம் ஒப்புதல் வாங்கியது. எதற்கு? பாதிக்கு மேல் இந்தியர் கையில் இருந்தால் அது இந்திய நிறுவனம். இந்திய நிறுவனம் என்றால் சரக்கைத் தானே வாங்கி வைத்து விற்கலாம். பணம் அமெரிக்காவிலிருந்து வந்ததா அண்ணா சாலையிலிருந்து வந்ததா என்பது, அரை சதவீதத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தித் தீர்த்துக்கொள்ளும் விஷயமாகிவிட்டது. ரிலையன்ஸ் ரீடெய்ல் சுத்தமான உள்நாட்டு நிறுவனம்தான். அதில்கூட 2020-இல் அமெரிக்க, சிங்கப்பூர், வளைகுடா முதலீட்டாளர்கள் சுமார் 10 சதவீதப் பங்குக்கு 47,265 கோடி ரூபாய் போட்டிருக்கிறார்கள்.

ஆக, கரையாம்புத்தூர் மளிகைக்காரருக்கு எதிரில் நிற்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டுப் பயனில்லை. உள்ளூரோ வெளியூரோ, நஷ்டத்தைப் பல ஆண்டுகள் தாங்கக்கூடிய பணப்பை அவருக்கு இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். 2024 ஆகஸ்டில் மத்திய வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல் இதையே கேட்டார். அமேசான் நூறு கோடி டாலர் முதலீடு செய்கிறது என்று கொண்டாடுகிறோமே, அந்தப் பணம் அவர்களுடைய நஷ்டத்தை ஈடுகட்டத்தானே வருகிறது, இவ்வளவு நஷ்டம் விலையை அடித்துக் குறைப்பதால் வருவதில்லையா என்ற பொருளில். கேள்வி நல்ல கேள்விதான். கேட்டவர் பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் இருந்தார் என்பது மட்டும் உறுத்துகிறது.

இதனால் ஊருக்கு நன்மையே இல்லை என்று சொன்னால், கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். நைட்டி வாங்க, பிள்ளைக்குப் புத்தகப்பை வாங்க, குக்கருக்கு ஒரு ரப்பர் வளையம் வாங்க, முன்பெல்லாம் பாகூருக்கோ கடலூருக்கோ பஸ் ஏற வேண்டும். அரை நாள் கூலி போச்சு. இப்போது மீஷோவில் படம் பார்த்து, அளவு பார்த்து, நாலு பேர் எழுதியிருக்கும் குறையையும் படித்து, பொருள் வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும். பிடிக்கவில்லையென்றால் திருப்பி அனுப்பலாம். ஊர்க் கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க நின்று, கடைக்காரரின் முகம் போன போக்கைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மீஷோவிலும் ஜப்பானின் சாஃப்ட்பேங்க், ஃபேஸ்புக்கின் மெட்டா என்று வெளிநாட்டுப் பணம்தான். வாங்குகிறவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை.

அந்த மளிகைக் கடைக்கு ஆபத்து என்றதும், 'விலை' என்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றுகிறது. அங்கே சோப்பு 6 ரூபாய் குறைவு, இங்கே எம்ஆர்பி. ஆனால் காலையில் கடை வாசலில் நின்ற அந்த இரண்டு பேரை மறுபடி பாருங்கள். கைபேசியில் காசு கொடுத்தவர், கணக்கில் எழுதச் சொன்ன பாட்டி. இருவரில் யார் இணையத்துக்குப் போவார்?

மாதச் சம்பளக்காரர் போவார். ஐந்து லிட்டர் எண்ணெய், பத்துக் கிலோ மாவு, நான்கு சோப்பு சேர்ந்த கட்டு என்று மொத்தமாக வாங்கினால்தான் அங்கே தள்ளுபடி. மொத்தமாக வாங்க முன்பணம் வேண்டும். பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஐந்து ரூபாய்க்கு மிளகாய்த்தூள், ஒரு ரூபாய் ஷாம்பு என்று அன்றாடம் வாங்குபவருக்கு இணையச் சந்தையில் இடமில்லை. அந்த ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டின் பிறந்தவீடே பக்கத்தில் இருக்கும் கடலூர்தான். சின்னி கிருஷ்ணன் அங்கே தொடங்கிய யோசனை. அவர் மகன்கள் வெல்வெட், சிக் என்று அதை நாடெங்கும் கொண்டுபோனார்கள். கூலிக்காரரின் சட்டைப் பைக்குள் ஒரு நாளைக்கு எவ்வளவு காசு இருக்கும் என்பதைப் பன்னாட்டு நிறுவனங்களுக்குக் கற்றுக்கொடுத்த வட்டாரம் இது.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கடையில் வாரத்துக்கு 50,000 ரூபாய் விற்பனை. 30,000 ரொக்கமும் யுபிஐயும். 20,000 நோட்டில். நெல் அறுவடை முடிந்ததும் கொஞ்சம் வசூலாகும். கரும்புப் பணம் வரும்போதுதான் வரும். நூறு நாள் வேலைச் சம்பளம் எப்போது ஏறும் என்று யாரும் சொல்ல முடியாது. அதுவரை நோட்டுதான் வங்கி. ஆனால் கடைக்காரருக்குச் சரக்கு போடும் ஏஜென்சி வண்டி அடுத்த வாரம் அதே கிழமை வந்து நிற்கும். சேல்ஸ்மேன் பழைய பில்லுக்குப் பணம் வாங்கிக்கொண்டுதான் புதுச் சரக்கை இறக்குவார். அந்தப் பணத்தைக் கொடுக்க உதவுவது முதல் 30,000. அதாவது, காலையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போன பெண்தான், தனக்கே தெரியாமல், பின்னால் நின்ற பாட்டியின் துவரம்பருப்புக்குத் தவணை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த 30,000-இல் 12,000 இணையத்துக்குப் போகட்டும். கடன்காரர்கள் யாரும் போகவில்லை, போகவும் முடியாது. விற்பனை 38,000; நோட்டில் இருப்பது அதே 20,000. நூற்றுக்கு 40 ஆக இருந்த கடன் இப்போது நூற்றுக்கு 50-க்கும் மேல். கடை வாசலில் கூட்டம் முன்பு மாதிரியே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் மாறியிருக்காது. ஏஜென்சி வண்டி வரும் கிழமை மட்டும் கடைக்காரருக்கு வயிற்றைக் கலக்கும்.

ஏஜென்சிக்கும் இதே கதைதான் வேறு உருவத்தில். பெரிய சங்கிலிக் கடைகளுக்கும் இணையத் தளங்களுக்கும் நிறுவனங்கள் கொடுக்கும் விலை, தங்களுக்குக் கொடுக்கும் விலையைவிடக் குறைவு என்பது வினியோகஸ்தர்களின் பல நாள் புகார். இதற்காகவே 2022 ஜனவரியில் மகாராஷ்டிர வினியோகஸ்தர்கள் கோல்கேட் பொருட்களை எடுக்க மறுத்தார்கள். வாரா வாரம் கிராமத்துக்கு வண்டி அனுப்பி, ஒரு வாரக் கடனில் சரக்கு இறக்கும் இந்த நடுவாள் நொடித்தால், அவர் கொடுக்கும் தவணை போகும். அது போனால் கடைக்காரர் கொடுக்கும் தவணையும் போகும். கைபேசியிலும் 'இப்போது வாங்கு, பிறகு கொடு' வசதி இருக்கிறது. அதற்கு ஆதார், பான், நல்ல கடன் மதிப்பெண் எல்லாம் வேண்டும். பாட்டிக்கு மிஞ்சுவது வாரா வாரம் வீட்டு வாசலுக்கு வசூலுக்கு வரும் குழுக் கடன். மளிகை நோட்டில் வட்டி இல்லை. மானம் மட்டும்தான் அடகு.

கடையை எடுத்துவிட்டு அதற்குப் பதில் வேறு வழி செய்து தருகிறோம் என்ற பேச்சு புதுச்சேரிக்குப் புதிதில்லை. 2015 செப்டம்பரில் நாட்டிலேயே முதலாவதாகச் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. பொருளாதாரப் புத்தகத்தில் பிரமாதமான யோசனை. ஏழைக்கு அரிசியா முக்கியம், பணம் கொடுங்கள், பிடித்த கடையில் பிடித்த அரிசி வாங்கிக்கொள்வார்! மாநில அரசு தந்துவந்த இலவச அரிசியும் பணமாக மாறியது. அரிசியா பணமா என்று கிரண் பேடியின் ராஜ்நிவாசுக்கும் நாராயணசாமியின் அமைச்சரவைக்கும் நடந்த இழுபறி நீதிமன்றம் வரை போனது. ரேஷன் கடைகள் பூட்டியே கிடந்தன, ஊழியர்கள் சம்பளமில்லாமல் தெருவில் நின்றார்கள்.

சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் வந்து பாகூர் ஏரியை நிரப்புகிறது. அந்தத் தண்ணீரில்தான் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் விளைகிறது. அந்த வட்டாரத்துப் பெண்கள் கேட்டது ஒன்றுதான்: பணம் வேண்டாம், அரிசி கொடுங்கள். பணம் எந்தத் தேதியில் ஏறும் என்று தெரியாது. ஏறினாலும் வீட்டில் யார் கைக்குப் போகும் என்பது இன்னொரு கதை. மாதக் கடைசியில் அரிசிப் பானை காலியானபோது, கை நீட்ட இருந்த இடம் அந்த மளிகைக் கடையின் நோட்டு மட்டும்தான். 2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன்பு, ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன. முதல்வர் ரங்கசாமிக்கு அரசியல் காரணங்கள் ஆயிரம் இருக்கலாம். திறந்த அன்று வரிசையில் நின்றவர்களுக்கு ஒரே காரணம்தான்.

ரேஷன் கடையைப் பூட்டினால் திறக்கச் சொல்லி அரசாங்கத்திடம் கேட்கலாம். மறியல் செய்யலாம், தேர்தலில் காட்டலாம். மளிகைக் கடை மூடினால் யாரிடம் கேட்பது? யாரும் பூட்டவில்லையே. ரொக்கக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேறு பக்கம் போனார்கள், அவ்வளவுதான். 'நாங்கள்தான் அந்நிய முதலீட்டை அனுமதிக்கவில்லையே' என்று சென்னையும் சொல்லும், புதுச்சேரியும் சொல்லும். சொல்வது உண்மையும்கூட.

எல்லையோரக் கடைக்காரர்களுக்கு விதிகள் மாறுவது பழக்கம்தான். வரி வித்தியாசத்தை நம்பித் தமிழ்நாட்டுக்காரர்கள் புதுச்சேரிக்கு வந்து டிவியும் ஃபிரிட்ஜும் வாங்கிய காலம் உண்டு. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. எல்லைக்கு இரு பக்கமும் ஒரே வரி. மதுவும் பெட்ரோலும் அதற்குள் வராததால் அந்த இரண்டுக்கு மட்டும் இன்னும் எல்லை இருக்கிறது. மற்றபடி கோடு அழிந்துபோனது. அதையும் சமாளித்துக்கொண்டுதான் இந்தக் கடைகள் நிற்கின்றன.

நம் மளிகைக் கடையில் மதியம் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில், முதுகில் பெரிய பையோடு ஒரு பையன் பைக்கை நிறுத்துகிறான். பக்கத்து ஊர்ப் பிள்ளைதான். பட்டப்படிப்பு முடித்துவிட்டுப் பார்சல் கொடுக்கும் வேலையில் இருக்கிறான். ஊரில் கதவு எண் பார்த்து வீடு கண்டுபிடிப்பது நடக்காத காரியம். அதனால் முகவரியில் அடையாளம் என்று கேட்கும் இடத்தில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் எழுதுகிறார்கள்: மளிகைக் கடை எதிரில்.

"அண்ணே, மூணாவது வீட்டு அக்கா போன் எடுக்கல. இங்க வச்சிட்டுப் போகவா?"

"வைப்பா. காசு குடுக்கணுமா?"

"கேஷ் ஆன் டெலிவரிண்ணே. முன்னூத்தி இருபது."

கடைக்காரர் கல்லாவிலிருந்து 320 ரூபாயை எடுத்துக் கொடுக்கிறார். பிறகு நீள நோட்டைப் பிரித்து, மூன்றாவது வீட்டுக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.